என் கொழுந்தியாளும் எக்கோ மெஷினும்

சத்தத்தை வாடகைக்கு விட்டு முன்னுக்கு வந்தவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு கூட்டம் நடந்து, கடைசி வரிசைக்காரர் காதில் பேச்சு தெளிவாக விழுந்திருக்கிறது என்றால், அங்கே கட்டியிருந்தது என் குழாய் ஸ்பீக்கர். தோளில் சுமந்துபோய்க் கம்பத்தில் ஏறி நானே கட்டிய காலம் ஒன்று. இன்றைக்கு என் வண்டிகளை நிறுத்த இடம் போதாமல் பக்கத்து மனையையும் வாங்கிப் போட்டிருக்கிறேன். படிப்பா? பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு.

என் வாழ்க்கையை எழுதச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அது ஊருக்கே மனப்பாடம். எத்தனையோ மேடைகளில், என் மைக்கிலேயே, நானே சொல்லியிருக்கிறேன். அதனால் வேறொருத்தியின் வாழ்க்கையை எழுதுகிறேன். என் கொழுந்தியாள், அதாவது என் மனைவியின் தங்கை. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். அவளைப் பற்றி அவளே சொல்லப் போவதில்லை. நான் சொன்னால்தான் உண்டு.

அவள் புருஷன் என் பட்டறையில் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக். எனக்குச் சகலை. நானே பார்த்து முடித்து வைத்த சம்பந்தம். ஆளை எடை போடுவதில் என் கண் தப்பாது. பட்டறையில் அவனுக்குப் பெயர் 'சுத்தம்'. செட்டில் ஈ பறக்கிற அளவுக்கு இரைச்சல் இருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. கழற்றி, துடைத்து, தேய்ந்த உதிரிகளையெல்லாம் குப்பையோடு போட்டு எரித்து, புதுச் சாமானாக்கிக் கொடுத்த பிறகுதான் கையைக் கழுவுவான்.

கல்யாணமான புதிதில் அவனுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு வந்தவள்தான் அவள். ஓரமாக நின்று வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் ஸ்பீக்கருக்குக் காயில் கட்டுகிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் கட்டிப் பாக்கட்டுமா அத்தான்?" என்றாள்.

கட்டினாள். அன்றிலிருந்து அந்த மேசை அவளுடையது.

காயில் கட்டுவது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அளவுக்கு மீறி அலறவிட்டால் ஸ்பீக்கர் கருகிவிடும். உள்ளே தலைமுடி போன்ற செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும், வேகிறது அதுதான். பழையதை அறுத்தெடுத்து, புதுக் கம்பியைக் காகிதக் குழலின் மேல் ஒன்றோடொன்று ஏறாமல் சுற்றி, காந்தத்தின் இடுக்கில் இறக்கி, எந்தப் பக்கமும் உரசாமல் நட்டநடுவில் நிறுத்த வேண்டும். அதற்காகப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சுற்றிலும் செருகுவாள். பசை காய்ந்ததும் ஃபிலிமை உருவிவிட்டு, ஓடவிட்டுக் கேட்க வேண்டும். கொஞ்சம் உரசினாலும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரிச் சத்தம் வரும்.

மற்ற கடைகளில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டு, "நல்லாப் பாடுது, எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த அடிக்குக் கீழே உரசல் பதுங்கிக்கொள்ளும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத கீபோர்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கட்டையை அழுத்தி, தாழ்ந்த சுரத்தை நீளமாக விடுவாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்பாள். பிறகு அடுத்த கட்டை. அவள் கை பட்ட ஸ்பீக்கர் ஒன்றுகூட என் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை. வேறு எந்த சவுண்ட் சர்வீஸ்காரரையாவது இப்படிச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒற்றைச் சுரம் எப்போது இரண்டானது, இரண்டு எப்போது மெட்டானது என்று யாரும் கவனிக்கவில்லை. அதே அலமாரியில் ஒரு எக்கோ மெஷினும் கிடந்தது. மேடைப் பாடகர்கள் குரலை எதிரொலிக்க வைக்க ஒரு காலத்தில் நான் வாங்கியது. உள்ளே சின்ன டேப் ஒன்று சுற்றிச் சுற்றி ஓடும். பாடியதைப் பிடித்து, கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்லும். அதன் பெல்ட் தொய்ந்து, டேப் தேய்ந்து, சத்தம் குடித்தவன் நடை மாதிரி தள்ளாடும். அதனால் ஒதுக்கிப் போட்டிருந்தேன். அவள் கீபோர்டு வயரை அதில் கொண்டுபோய்ச் செருகினாள்.

அதிலிருந்து வந்ததற்கு எங்கள் குடும்பம் வைத்த பெயர் 'இழுவை'. பிறகு அவளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

என் மனைவி பட்டறைக்கு வந்தவள் சுவரில் சாய்ந்து கேட்டுவிட்டுத் தங்கையைச் சீண்டுவாள். "என்னடி இது, பாட்டு வருமா வராதா?"

"வந்துட்டேதான் இருக்கு அக்கா."

"எப்ப வந்து சேரும்? நான் போய் அடுப்பை அணைச்சுட்டு வரணும்."

"அணைச்சுட்டு வா. இங்கயேதான் இருக்கும்."

அதுவரை அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் சாமான் எடுக்க வருகிறவர்கள் பேச்சு வேறு மாதிரி இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, போகாமல் நிற்பார்கள். "இதை எங்கயோ கேட்டிருக்கேனே" என்பார்கள். எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். தச்சர் ஒருவர், சின்ன வயசில் அத்தை வீட்டு ரேடியோவில் நிகழ்ச்சி ஆரம்பிப்பதற்கு முன்னால் இது வரும் என்று அடித்துச் சொன்னார். என் வண்டி டிரைவர் குறுக்கே பாய்ந்து, "ரேடியோ இல்லண்ணே, இது டிவி. படம் வர்றதுக்கு முன்னாடி கோடு கோடா நிக்குமே, அப்ப போடுவாங்க" என்றான். இரண்டு பேருக்கும் கைகலப்பு வராத குறை. நான் உள்ளே கூப்பிட்டு, "ஏம்மா, யார் சொல்றது சரி?" என்றேன்.

"நேத்துதான் அத்தான் போட்டேன்" என்றாள், தலை நிமிராமல்.

நானும் இதை யோசித்துப் பார்த்தேன். நினைத்து ஏங்குகிற மாதிரி எனக்குச் சின்ன வயசு ஒன்றும் கிடையாது. லாரி ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கி வளர்ந்தவன். அந்தக் காலம் எனக்குத் திரும்பி வரவேண்டும் என்று என் எதிரிகூடச் சாபம் விடமாட்டான். அப்படியிருந்தும், ஒரு மத்தியானம் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே அவள் வாசித்தது காதில் விழ, எனக்கு ஒரு வீடு ஞாபகம் வந்தது. ஜன்னலில் வெயில். அடுத்த அறையில் யாரோ ரேடியோவைச் சின்னதாக வைத்திருக்கிறார்கள். எனக்குக் காய்ச்சல். யாரோ வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் நான் இருந்ததே இல்லை. என் நெற்றியைத் தொட ஆளும் இருந்ததில்லை. இல்லாத வீட்டை ஒருவனுக்கு ஞாபகப்படுத்துகிற வித்தையை வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய வித்வான்களுக்கெல்லாம் மைக் வைத்தவன் சொல்கிறேன்.

அந்தத் தேய்ந்த மெஷினுக்கு இதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி. புதுப் போர்வை உடம்பைக் குத்தும். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்த போர்வையைத்தான் இழுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். அவள் அழுத்துகிற சுரம் முதலில் கஞ்சி போட்ட மாதிரி விறைப்பாகத்தான் வரும். மெஷினுக்குள் போய்த் திரும்பத் திரும்ப வரும்போது ஓரமெல்லாம் மழுங்கி, லேசாகத் தொய்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல ஆகிவிடும். மெட்டு சின்னதாக இருக்கும், குழந்தைகூட முணுமுணுக்கலாம். தாளம் கிடையாது. உன்னை எழுப்பாது, உட்காரச் சொல்லாது, கை தட்டச் சொல்லாது. நீ வேலையைப் பார், நான் பாட்டுக்கு இருக்கிறேன் என்று இருக்கும். கச்சேரிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, எலக்ட்ரானிக் இசையில் இப்படி ஒரு வகையே இருக்கிறது, 'ஆம்பியன்ட்' என்று பெயர், உலகத்தில் எத்தனையோ பேர் இதையே செய்கிறார்கள் என்றார். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"அப்படியா? அவங்களும் காயில் கட்டறவங்களா அத்தான்?" என்றாள்.

இவ்வளவு இருந்தும் வெளி ஆளுக்கென்று அவள் வாசித்ததில்லை. ஒரே ஒரு தடவை, ஒரு பிறந்த நாளுக்கு எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது, நான் வற்புறுத்தி வாசிக்க வைத்தேன். கொஞ்ச நேரம் போயிருக்கும். அவளுடைய பெரியப்பா எழுந்து வந்து, "செட்டு மாட்டிக்கிச்சு போல" என்று எக்கோ மெஷின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வீடே சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அதற்குப் பிறகு பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசிப்பது.

இப்படி இருக்கும்போதுதான் நீச்சல்குள வேலை வந்தது.

ஊருக்கு நடுவில் கூரை போட்ட நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. பக்கத்துச் சுவர்களெல்லாம் ஓடு பதித்தது. தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற பெரியவர்களுக்கு அங்கே காலையில் ஒரு வகுப்பு நடக்கிறது. நடத்துகிற பயிற்சியாளர் அம்மா கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தவர். "இவங்களுக்கு அவங்க மூச்சுச் சத்தமே பயத்தைக் கெளப்புது சார். கூட ஏதாவது பாட்டு ஓடணும்" என்றார். என்னைத் தவிர இந்த ஊரில் யாரிடம் போவார்? சுவரெல்லாம் நல்ல ஸ்பீக்கராகப் பார்த்து மாட்டினேன். பாட்டைப் போட்டேன்.

கிணற்றுக்குள் ஒரு கூட்டம் சண்டை போட்ட மாதிரி இருந்தது. ஓட்டிலும் தண்ணீரிலும் மோதி ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அடுத்த வார்த்தையின் மேல் விழுந்தது. தாளத்தைக் கேட்டதும் வகுப்புக்காரர்கள் வேகமாகக் காலை உதைத்தார்கள். உதைக்க உதைக்க முங்கினார்கள். வேறு பாட்டு மாற்றினேன். அதுவும் அப்படித்தான். ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தேன், தலைகீழாக நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க சார், கழட்டிடுங்க" என்றார் பயிற்சியாளர் அம்மா.

மாட்டிய ஸ்பீக்கரை வேலை முடியாமல் கழற்றிய சரித்திரம் எனக்குக் கிடையாது. எனக்கு அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. எதிரொலியை எதிர்த்து நிற்கிற சத்தம் இங்கே உடையும். எதிரொலியிலேயே பிறந்த சத்தத்துக்கு இது மாமனார் வீடு அல்லவா? "ஒரே ஒரு காலைப் பொழுது கொடுங்கம்மா. எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா" என்றேன். செவ்வாய்க்கிழமை வகுப்பு என்று முடிவானது.

அவளிடம் சொன்னதும் மூஞ்சி வெளுத்துவிட்டது.

"அது ஸ்பீக்கரை டெஸ்ட் பண்றதுக்கு வாசிக்கறது அத்தான். அதைப் போய் மத்தவங்க முன்னாடி..."

"நீ வரவேணாம். ரெக்கார்டரில் பிடிச்சுக் கொடு. நான் போட்டுக்கறேன்."

பசைக் கிண்ணத்தை மூடி வைத்தாள். "சரி. ஆனா ஒண்ணு அத்தான். அங்கயும் சிரிச்சாங்கன்னா, கீபோர்டையும் மெஷினையும் பழைய எடத்துலயே வெச்சிடுவேன். மத்தவங்க மாதிரி நானும் ரேடியோ போட்டே டெஸ்ட் பண்ணிக்கறேன். அப்புறம் நீங்க வாசி வாசின்னு சொல்லக் கூடாது."

சொன்னால் செய்கிறவள். ஸ்பீக்கரைக் கழற்றுவது எனக்கு ஒரு நாள் அவமானம். அந்தக் கீபோர்டு அலமாரி ஏறினால் திரும்ப இறங்காது. இருந்தாலும் வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. அவளும் என் மனைவியும் துணி வாங்கப் போயிருந்தார்கள். சகலை மட்டும் பட்டறையைத் திறந்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தபோது, "உங்க கொழுந்தியாளுக்கு ஒரு சர்ப்ரைஸ் அண்ணே" என்று சிரித்தான். பொண்டாட்டிமேல் அவனுக்கு அத்தனை பிரியம். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் ரெக்கார்டரைத் தயார் செய்துவிட்டு, எக்கோ மெஷினைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். சுரம் போனது, அப்படியே திரும்பி வந்தது. போனது மாதிரியே. இன்னொரு தடவை அழுத்தினாள். இஸ்திரி போட்ட மாதிரி நேராக நின்றது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் புருஷனைப் பார்த்து.

"சும்மா கொஞ்சம் சுத்தம் பண்ணேன்."

"பெல்ட்டு?"

"புதுசு."

"டேப்பு?"

"அதுவும் புதுசு. உருளையை மாத்திட்டேன், உள்ள எல்லாம் ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சேன். நாளைக்கு முக்கியமான நாளாச்சே! கேளு, கண்ணாடி மாதிரி இருக்கும்."

"கண்ணாடி மாதிரிதான் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. நான்தான் கேட்டேன். "பழைய பெல்ட்டு எங்கடா?"

"எரிச்சிட்டேன் அண்ணே."

"டேப்பு?"

"அதையுந்தான்."

வேறு யாராவது இருந்தால் அன்றைக்கு அந்தப் பட்டறையில் பாத்திரம் பறந்திருக்கும். அவள் ரெக்கார்டரை அணைத்துவிட்டாள். அது அவனுக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தான்.

"சரி சொல்லு. எப்படிக் கெடுக்கணும்?"

"என்னது?"

"கெட்டதைச் சரி பண்ணத்தான் எல்லாரும் கொண்டு வருவாங்க. சரியா ஓடறதைக் கெடுத்துக் கொடுன்னு கேக்கற மொத கிராக்கி நீதான். சொல்லு, பழகிக்கறேன்."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. எனக்கு உயிர் வந்தது.

பெல்ட்டை நீட்டிப் பார்த்தான். மெஷின் நின்றே போனது. டேப்பை ஓட்டுகிற சக்கரத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினான். ஒவ்வொரு சுற்றுக்கும் சத்தம் ஒரு குதி குதித்தது. "இது விக்கல்" என்றாள் அவள். ஒட்டுநாடாவை மெல்லிசாக வெட்டினான். "இது சின்ன விக்கல்." நான், பெல்ட்டில் கொஞ்சம் முகப்பவுடர் போட்டால் என்ன என்று கேட்டேன். "அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றான். என்னிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

பழைய மெஷின் ஒரே மாதிரி தள்ளாடாது. ஒரு நேரம் தொய்யும், ஒரு நேரம் மறந்துவிடும், திடீரென்று ஞாபகம் வந்து மறுபடி தொய்யும். அதைக் கணக்குப் போட்டுச் செய்ய முடியவில்லை. மத்தியானம் வரை போராடி அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் வலது கையால் மெட்டை வாசித்தபடி, இடது கையை நீட்டி, ஓடுகிற சக்கரத்தின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. காயில் கம்பியைத் தொடுகிற தொடல்தான். சத்தம் தொய்ந்தது. விரலை எடுத்தாள். எழுந்து வந்தது. மறுபடி வைத்தாள். மெஷின் தானாகத் தள்ளாடியபோது அழகாக இருந்தது. இப்போது அது மூச்சு விட்டது.

"அவ்வளவுதான்! இப்படியே ரெக்கார்டு பண்ணிடு" என்று கத்தினேன்.

"பண்ணலாம் அத்தான். ஆனா எப்ப அழுத்தணும், எப்ப விடணும்னு காதுதானே சொல்லணும்? அந்தக் குளத்து மண்டபத்துல சத்தம் எவ்வளவு நேரம் நிக்கும்னு இங்க உக்காந்துட்டு எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கே விளங்கியது.

"அப்ப நீ வரணும்" என்றான் சகலை, ரொம்ப மெதுவாக.

வந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் என் வேனில், மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குளத்திலிருந்து தள்ளி, தரை காய்ந்திருந்த ஒரு தூணின் பின்னால் மேசை போட்டுக் கொடுத்தேன். குளத்தில் போடும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது. தண்ணீரில் வகுப்புக்காரர்கள் கரையோரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். கடையில் மூட்டையைத் தூக்கி எறிகிற ஆள், இங்கே கம்பியை விடமாட்டேன் என்று நின்றார். பக்கத்தில் ஒரு தலைமையாசிரியை. பள்ளிக்கூடத்தையே நடுங்க வைக்கிறவர், இங்கே தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அவள் முதல் கட்டையை அழுத்தினாள். சுரம் போய்ச் சுவரில் பட்டு, தண்ணீரில் தவழ்ந்து, திரும்பி வந்தது. அவள் வாசிக்கவில்லை, காத்திருந்தாள். அது முழுக்க அடங்கிய பிறகு அடுத்தது. எதிரொலியின் நீளம் பிடிபடும் வரைக்கும் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

அப்போது மளிகைக் கடைக்காரர் கழுத்தை நீட்டி, "என்னம்மா, செட்டு மாட்டிக்கிச்சா?" என்று மண்டபமே அதிரக் கேட்டார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் கட்டைவிரல் சக்கரத்தில் அழுந்திவிட்டது. சத்தம் சரிந்து அடியில் போனது. தூணுக்குப் பின்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது. வயர்களைப் பிடுங்கப் போகிறாள், முடிந்தது கதை என்று நினைத்தேன். அந்த மளிகைக் கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அவள் பக்கத்தில் குனிந்து நின்ற சகலை சொன்னான்: "மாட்டல. நல்லா ஓடுது. நீ வாசி."

விரலை எடுத்தாள். அடியில் போன சத்தம் மெல்ல மேலே வந்தது. வரும்போதே அதன் மேல் மெட்டை வைத்தாள். சின்ன மெட்டு. முன்னால் போட்டது இன்னும் மண்டபத்தில் தங்கியிருக்க, அதன் தோளில் கை போட்ட மாதிரி அடுத்தது வந்தது. அன்றைக்குக் கிணற்றுச் சண்டை கேட்ட அதே சுவர்கள்தான். அதே ஸ்பீக்கர்தான். மண்டபமே அவளுடைய மெஷினாகிவிட்டது. தலைமையாசிரியை கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்திருந்தார், எடுத்தது தெரியாமலே. மளிகைக் கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். "இதை நான் எங்கயோ..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்க! மல்லாந்து படுங்க! காதைத் தண்ணிக்குள்ள விடுங்க!" என்றார் பயிற்சியாளர் அம்மா.

ஒருவரும் விடவில்லை. படுத்தவர்கள்கூடத் தலையைத் தூக்கிக்கொண்டே படுத்தார்கள். தலை தூக்கினால் இடுப்பு முங்கும். இடுப்பு முங்கினால் ஆளே முங்கும்.

"காதை உள்ள விடுங்கன்னு சொல்றேன்ல!"

"விட்டா பாட்டு கேக்க மாட்டேங்குதே மேடம்!" என்றார் மளிகைக் கடைக்காரர், சிறுபிள்ளை மாதிரி.

பயிற்சியாளர் அம்மா ஈரக் காலோடு தூணைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் முந்திக்கொண்டு ஏதோ சொல்லப் போனேன். என்னைக் கையமர்த்திவிட்டு அவளிடம், "ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் தொல்லையே. இவங்க கேக்கறாங்க, மெதக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

அவள் யோசித்தாள். "அப்ப இடையில விட்டு விட்டு வாசிக்கறேன்மா. சத்தம் முழுசா அடங்கினப்புறம் அவங்க காதை உள்ள விடட்டும். வெளியில கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரியும்ல. எழுந்திருக்கும்போது அடுத்தது வந்திருக்கும்."

அப்படியே நடந்தது. மெட்டு ஒன்று வரும், மண்டபம் அதைச் சுமந்து சுமந்து கரைக்கும். கடைசி இழை அடங்கும்போது பயிற்சியாளர் அம்மா கையைத் தாழ்த்துவார். தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் சாயும். தண்ணீரில் சலசலப்பு இல்லை. தலைமையாசிரியை மிதந்தார். அந்த மளிகைக் கடைக்காரர், அந்த மலை, கூரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு கையையும் விரித்து மிதந்தார். எழுந்து நின்றதும் மெட்டு அவருக்காகக் காத்திருந்தது. எத்தனையோ கூட்டங்களில் என் ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் ஜனங்களை ஆட வைத்திருக்கிறது, கோஷம் போட வைத்திருக்கிறது. பயத்தை விட வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு தூணைச் சுற்றி நின்றார்கள். அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பயிற்சியாளர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வியாழக்கிழமை அடுத்த வகுப்பு. வருவீங்களாம்மா?" என்றார்.

வாசி என்று சொல்லக் கூடாது என்பதுதானே பேச்சு. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயைத் திறக்காமல் நின்றேன்.

அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். "இது தாழ்வா இருக்கும்மா. சக்கரத்துக்குக் கை எட்ட மாட்டேங்குது. வியாழக்கிழமைக்கு ஒரு ஸ்டூல் இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

ஸ்டூல் என் பொறுப்பு என்றேன். அங்கிருந்து நேராக வெல்டிங் பட்டறைக்குப் போய், துருப்பிடிக்காத எஃகில், அவள் உயரத்துக்குக் கையால் அளவு காட்டி, பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தேன். ஈரத்தில் வழுக்காமல் இருக்க நாலு காலிலும் ரப்பர்.